தாயம் எட்டாவது முறை விழுந்தே தீருமா? நிகழ்தகவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போதெல்லாம், பகடைக்கு முன்னால் நான் எடுத்து வைப்பது பித்தளைத் தாயக்கட்டைகளைத்தான். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள் இருப்பதால், இரண்டையும் உருட்டும்போது கூறுவெளியில், அதாவது நேரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 16 விளைவுகள் கிடைக்கின்றன. ஒன்றில் 1, மற்றதில் 0 விழுந்தால் தாயம். அது இரண்டு வழிகளில் நேரக்கூடியது என்பதால் அதன் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. ஆனால் தாயம் முதல் ஆறு வரை ஆறு, பன்னிரண்டு (இரண்டு கட்டையிலும் 0 விழுவது) ஒன்று, ஆக ஏழு வகை என எண்ணி 1/7 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. மூன்று நான்கு வழிகளில் விழும், பன்னிரண்டு ஒரே வழியில்தான் விழும் என்பதை எழுதிப் பார்த்தாலே இந்தத் தவறு நீங்கிவிடும்.

இதைவிட ஆழமாக வேரூன்றிய தவறு ஒன்று உண்டு. ஏழு முறை உருட்டியும் தாயம் விழாதபோது, எட்டாவது முறை விழுந்தே தீரும் என்று பெரியவர்களும் நம்புகிறார்கள். 1/8 என்பதை எட்டு முறை கூட்டினால் 1 வருகிறதே என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் உருட்டல்கள் சார்பிலா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று நேர்வது மற்றதன் நிகழ்தகவை மாற்றாது. முன்பு விழுந்ததைக் கட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆடத் தொடங்கும் முன்பே கேட்டால், எட்டு முறையும் தாயம் விழாமல் போவதற்கான நிகழ்தகவு (7/8)⁸, ஏறத்தாழ 0.34. ஏழு முறை தவறிய பிறகு கேட்டாலோ, எட்டாவதும் தவறுவதற்கான நிகழ்தகவு 7/8 மட்டுமே. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது புரிந்துவிட்டால் பாதிப் பாடம் புரிந்த மாதிரி.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று எழுதுவதும் தவறு. ஒரே உருட்டலில் 2 விழுந்தால் 5 விழ வழியில்லை. ஆகவே அவை ஒன்றையொன்று வலுவாகச் சார்ந்தவை.

சார்பின்மையைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யக் கூடாது. இரண்டும் சேர்ந்து நேர்வதற்கான நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமமா என்று பார்க்க வேண்டும். ஆறு முகப் பகடைகள் இரண்டை உருட்டும்போது, முதல் பகடையில் 4 விழுவதும் கூட்டுத்தொகை 7 ஆவதும் சார்பிலா நிகழ்ச்சிகள்: 1/6 × 1/6 = 1/36, உண்மையான நிகழ்தகவும் அதுவே. கூட்டுத்தொகை 8 என்று மாற்றினால், பெருக்கற்பலன் 5/216 ஆகிறது. உண்மையான விடையோ 6/216. முதல் பகடையில் எது விழுந்தாலும் 7 வருவதற்கு ஒரு வழி இருக்கும். 1 விழுந்துவிட்டால் 8 வர வழியே இல்லை.

நாளை சேலத்தில் மழை பெய்ய 0.4, ஏற்காட்டில் பெய்ய 0.5 என்று வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களிலும் பெய்ய 0.2 என்று பெருக்கிவிடுவதும், சார்பின்மையைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளும் தவறுதான். மலையில் பெய்யும் நாளில் அடிவாரத்திலும் பெய்யும் வாய்ப்பு கூடுதல். ஏற்காட்டில் பெய்தால் சேலத்தில் பெய்வதற்கான நிபந்தனை நிகழ்தகவு 0.7 எனில், விடை 0.5 × 0.7 = 0.35.