எல் நினோ ஆண்டில் மூணாற்றின் உறைபனியைக் கணிப்பது எப்படி?

டிசம்பர் பிறந்தாலே "இந்த வருடம் மூணாற்றில் பனி விழுமா?" என்று வெளியூரிலிருந்து கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பதில் சொல்வதற்கு முன், அவர்கள் எந்தப் பனியைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேகத்திலிருந்து உதிரும் பனிப்பொழிவு நம் மலையில் இல்லை; பகலில் தரை வாங்கிய வெப்பம் தெளிந்த இரவில் வானுக்குப் போய்விட, புல்லின் மேலேயே உப்புத் தூவியதுபோல் படிவதுதான் நம் உறைபனி.

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி இயல்பைவிடக் குறைந்தது 0.5 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகி, பல மாதங்கள் அப்படியே நீடிப்பது எல் நினோ. அப்போது வானில் மிக உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் பாதை மாறுவதால், அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர் தணிந்து பனிப்பொழிவு குறைவதும், தென் மாநிலங்களில் மழை கூடுவதும் பொதுவான போக்கு. அந்தக் கணக்கை இங்கே அப்படியே பொருத்தினால் ஏமாந்துபோவோம். 2018-19 குளிர்காலத்தில் வலுக்குறைந்த எல் நினோ இருந்தது. அந்த ஜனவரியில்தான் மூணாற்றைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கித் தேயிலை கருகியது.

எல் நினோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்கு வலுவூட்டும். மழை டிசம்பர் கடைசிவரை இழுத்தால், மேகம் போர்வையாக நின்று இரவின் வெப்பத்தைக் காக்கும். ஈரமண்ணும் மெதுவாகவே குளிரும். உறைபனி தள்ளிப்போகுமே தவிர, வராது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மழை என்றைக்கு ஓய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மழை ஓய்ந்தபின் ஒவ்வொரு மாலையும் வானத்தைப் பாருங்கள். மேகம் முழுவதும் கலைந்து, இலை அசையாமல், தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்புப் புகை மேலே போகாமல் பள்ளத்திலேயே படுத்துக் கிடந்தால், அன்றிரவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலத் தாழ்வை நோக்கி வழிவதால், ஓடைக்கரைப் புல்வெளி வெளுத்திருக்கும் அதே காலையில் மேட்டுச் சரிவு பச்சையாகவே இருக்கும். வெப்பமானியையும் பள்ளத்தில், புல்லின் உயரத்தில் வையுங்கள். ஆளுயரத்தில் தொங்குவது 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி உறைந்திருக்கக்கூடும்.

தேயிலை நாற்றங்காலையும், மூணாற்றை அடுத்த வட்டவடை கிராமத்தில் காய்கறிப் பாத்திகளையும் வெயில் சாய்வதற்குள் மூடிவிடுவது நல்லது. மண் காய்ந்திருந்தால் பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கி, இரவில் மெல்ல விடும். அப்படியும் கொழுந்து கருகிவிட்டால் உடனே கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டாம். அடுத்த வாரமே இன்னொரு உறைபனி வரலாம், எந்தக் கிளைவரை உயிர் இருக்கிறது என்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும்.