காசாளர் மேசையில் பகுதிநேரம்: அமெரிக்காவில் நாணயம் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் நாணயம் சேர்க்கும் பலருக்கு உள்ளூர ஓர் ஆசை உண்டு. வங்கியில் பகுதிநேரக் காசாளராக, அங்குள்ளவர்கள் சொல்வதுபோல் டெல்லராக, வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை பார்த்தால் பழைய வெள்ளிக் காசுகள் தாமே கைக்கு வந்து சேரும் என்பதுதான் அது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூர்க் கிளையில் இரண்டு ஆண்டுகள் அந்த மேசையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசையில் தவறில்லை. ஆனால் நல்ல காசு எந்த வழியாக வருகிறது, அதை எந்த முறையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

வங்கிக் கிளைக்குக் காசு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கவச வண்டியில் வந்து இறங்கும் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் இயந்திரம் எண்ணிச் சுற்றிய ஐம்பது ரோல்கள் இருக்கும். ஒரு சென்ட் பெட்டியின் மதிப்பு 25 டாலர், ஐந்து சென்ட் பெட்டி 100 டாலர், பத்து சென்ட் பெட்டி 250 டாலர், கால் டாலர் பெட்டியும் அரை டாலர் பெட்டியும் தலா 500 டாலர். இந்தப் பெட்டிகளுக்காக வேலையில் சேரவே தேவையில்லை. கணக்கு வைத்திருப்பவர் கிளையில் கேட்டாலே பல இடங்களில் வரவழைத்துத் தருவார்கள். மற்றொன்று, வாடிக்கையாளர் வீட்டிலிருந்து கொண்டுவரும் காசு: தாத்தாவின் ஜாடியிலிருந்து எடுத்து, மங்கிய காகிதத்தில் கையால் சுற்றிய ரோல்கள். பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத காசு இந்த வழியில்தான் வருகிறது. டெல்லருக்கு உள்ள உண்மையான சாதகம் இதைப் பிறருக்கு முன்னால் பார்க்க முடிவது மட்டுமே.

ஆகவே எந்த வங்கி என்பதைக் காட்டிலும் எந்தக் கிளை என்பதையே முதலில் பாருங்கள். சில்லறையை மேசையிலேயே எண்ணி வாங்கும் கிளையா, வாங்கியதை அப்படியே பையில் இட்டு முத்திரையிட்டு அனுப்பிவிடும் கிளையா, சில்லறையே வாங்காத கிளையா என்று ஒரு வாடிக்கையாளராகச் சென்று கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாம் வகைக் கிளையில் ஆயிரக்கணக்கான காசுகள் உங்கள் கைவழியே போகும்; ஒன்றைக்கூட நீங்கள் பார்க்க முடியாது. முதியவர்கள் மிகுந்த பழைய ஊர்களில், கூட்டுறவு முறையில் இயங்கும் கிரெடிட் யூனியன்களையும் விசாரிப்பது நல்லது.

வேலைக்குப் பொதுவாக உயர்நிலைப் பள்ளிப் படிப்பே போதும். மற்றதைச் சில வாரப் பயிற்சியில் கற்றுத்தருவார்கள். ஆனால் பின்னணிச் சோதனை கடுமையானது. நேர்மைக்கேடு தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரை, வைப்புக் காப்பீடு பெற்ற வங்கி உரிய விலக்கோ ஒப்புதலோ இன்றி வேலைக்கு வைக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது விசா. எஃப்-1 மாணவர் அனுமதியின்றிக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வேலை செய்வது அவருடைய குடிநுழைவு நிலையையே பறித்துவிடும். அங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் வேலை அனுமதி அட்டை பெற்றிருக்க வேண்டும். எந்த வெள்ளிக் காசும் இந்த இடருக்கு ஈடாகாது.

காசுகளுக்கிடையில் கழியும் வேலை இது என்று எண்ணிச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். காசோலை, கடன் தவணை, காரில் இருந்தபடியே வங்கி வேலையை முடிப்பவர்களின் வாகன வரிசை, பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு எழுத வேண்டிய அரசு அறிக்கை ஆகியவற்றிலும், புதிய கணக்கு தொடங்குமாறு வாடிக்கையாளரிடம் பேசுவதிலுமே பெரும்பாலான நேரம் போகும். நாளெல்லாம் நிற்க வேண்டியிருக்கும். மாலையில் கல்லாக் கணக்கு சதம் பிசகாமல் நேராக வேண்டும். டெல்லர் வேலைகள் குறைந்துகொண்டே போகும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணிப்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நேர்காணலில் சேகரிப்புப் பழக்கத்தை மறைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதையே வேலைக்கு வரும் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலையை ஏற்பதற்கு முன் மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். ஊழியர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து முகமதிப்பில், அதாவது காசில் பொறித்துள்ள மதிப்புக்கே, காசு மாற்றிக்கொள்ள இந்த வங்கியில் அனுமதி உண்டா? உண்டென்றால் யார் மாற்றித்தர வேண்டும், எப்போது? சில வங்கிகள் இதை முற்றிலும் தடை செய்துள்ளன. சில, இன்னொரு காசாளர் மூலம் செய்யச் சொல்கின்றன. தடை உள்ள இடம் என்றால் வேறு கிளை பாருங்கள். சேர்ந்த பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

அனுமதி உள்ள இடத்திலும் முறை தவறக் கூடாது. உங்கள் கல்லாவிலிருந்து நீங்களே காசை எடுத்து, மாற்றுப் பணத்தை வைத்து, அத்துடன் முடிந்ததாகக் கருதாதீர்கள். மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் தெரிவது, ஓர் ஊழியர் வங்கிப் பணத்தைத் தம் சட்டைப் பையில் போடும் காட்சி மட்டுமே. பிடித்த காசைக் கல்லாவில் தனியாக வைத்துவிட்டு, இடைவேளையிலோ வேலை முடிந்த பிறகோ மேசைக்கு வெளியே வந்து, வாடிக்கையாளரைப் போல வரிசையில் நின்று, இன்னொரு காசாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். சீட்டு தந்தால் பத்திரப்படுத்துங்கள். சம்பள நாளில் போட்டுவிடலாம் என்று ஒரு கால் டாலரைக்கூட முன்கூட்டி எடுக்கக் கூடாது. வங்கி ஊழியரின் கையாடல் அங்கே கூட்டாட்சிக் குற்றம். தொகை சிறிது என்பதால் அதன் பெயர் மாறிவிடாது. முதல் மாதங்களில் என் சக காசாளர்கள் என்னை ஐயத்துடன் பார்த்ததுண்டு. ஒவ்வொரு முறையும் வெளிப்படையாக வரிசையில் நின்றதைக் கண்ட பிறகு, அவர்களே தங்கள் கல்லாவுக்கு வந்த வினோதக் காசுகளை எனக்காக எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

இனி, எதைத் தேடுவது என்பதற்கு வருவோம். 1965ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது. 1964 வரையிலான ஆண்டைத் தாங்கிய பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகிய மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீத வெள்ளி தொடர்ந்தது. வரிசையில் ஆள் நிற்கும்போது ஆண்டைப் படித்துக்கொண்டிருக்க முடியாது, விளிம்பைப் பாருங்கள். புதிய காசுகளின் விளிம்பில் செம்புக் கோடு தெரியும். 90 சதவீத வெள்ளியின் விளிம்பு முழுதும் வெண்மையாக இருக்கும். ஒரு ரோலைக் காகிதத்திலிருந்து உருவி நிறுத்தினால், நாற்பது விளிம்புகளுக்கு நடுவே அந்த வெண்மை தனியே எழுந்து நிற்கும். 40 சதவீத அரை டாலரில் செம்பின் சாயல் மங்கலாக இருப்பதால் அதற்கு ஆண்டையும் பார்த்தாக வேண்டும். சில மாதங்களில் காதும் பழகிவிடும்: வெள்ளி மேசையில் விழும் ஓசை நீண்டு கணீரென்று ஒலிக்கும், செம்பு நிக்கல் காசு சட்டென்று அடங்கிவிடும்.

அரை டாலரை அமெரிக்கர்கள் அன்றாடம் செலவழிப்பதில்லை. அதனால் கல்லாவின் ஓரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் சிலவற்றை முதல் நாளே பார்த்துவிடுங்கள். 2002 முதல் 2020 வரை அவை சேகரிப்பாளர்களுக்காக மட்டுமே அச்சிடப்பட்டன. அந்த ஆண்டுகளைத் தாங்கிய அரை டாலர் புழக்கத்தில் கிடைத்தால், வெள்ளி இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள்.

ஐந்து சென்ட்டில் போர்க்காலத்து நிக்கல்களைத் தேடுங்கள். 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை அச்சானவற்றில் 35 சதவீதம் வெள்ளி உண்டு; பின்பக்கத்து மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, காசு அச்சான அக்கசாலையைக் குறிக்கும் பெரிய எழுத்து இருக்கும். ஒரு சென்ட்டில் 1909 முதல் 1958 வரையிலான கோதுமைக் கதிர்க் காசுகளும் 1943ஆம் ஆண்டின் எஃகுக் காசுகளும் வருவதுண்டு. 1982இல் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறினார்கள். அந்த ஆண்டுக் காசை எடைதான் பிரித்துக் காட்டும்: செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். புழக்கத்துக்கான ஒரு சென்ட் கடைசியாக 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா அக்கசாலையில் அச்சானது. ஆனால் காசு இன்னும் செல்லும். வீடுகளில் தேங்கியிருப்பது தொடர்ந்து மேசைக்கு வரும்.

புதிய காசுகளை அலட்சியம் செய்யாதீர்கள். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெஸ்ட் பாயின்ட் அக்கசாலையின் W எழுத்தைத் தாங்கிய கால் டாலர்கள் வடிவத்துக்கு இருபது லட்சம் வீதம் வேண்டுமென்றே புழக்கத்தில் கலக்கப்பட்டன. வாடிக்கையாளர் கொட்டும் சில்லறையில் அவை இருக்கலாம். நோட்டுகளில் ஒருகாலத்தில் வெள்ளியாக மாற்றிக்கொள்ள முடிந்த, நீல முத்திரையுள்ள வெள்ளிச் சான்று நோட்டுகளையும், சிவப்பு முத்திரையுள்ள பழைய இரண்டு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளையும், வரிசை எண்ணின் கடைசியில் நட்சத்திரம் உள்ளவற்றையும் கவனியுங்கள்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது வேறொன்று. கணவரை இழந்த ஒரு மூதாட்டி, அவர் விட்டுச்சென்ற பையிலிருந்து பழைய வெள்ளி டாலர்களை எடுத்து மேசையில் வைத்து, கணக்கில் போடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகு முகமதிப்பைக் கொடுத்து அவற்றை எடுத்துக்கொள்வது விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அது தகாது என்றே நான் நினைக்கிறேன். காசின் விலையைச் சொல்லவும் வியாபாரியைப் பரிந்துரைக்கவும் டெல்லருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், எனினும், “அம்மா, இவை பழையவை. கணக்கில் போடுவதற்கு முன் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறீர்களா?” என்று சொல்வதை எந்த மேலாளரும் தடுத்து நான் பார்த்ததில்லை. தெரிந்தும் போடச் சொன்னால் அது அவர் விருப்பம். எண்ணும் இயந்திரம் உள்ள கிளையில், அது ஏற்காமல் தள்ளும் தட்டில் வெள்ளிக் காசு விழுவதுண்டு. அது வாடிக்கையாளருடைய காசு. அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த காசைத் துலக்காதீர்கள். துலக்கினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும். ஒரு குறிப்பேட்டில் தேதி, காசு, கொடுத்த தொகை மூன்றையும் எழுதி, மாற்றிய சீட்டை அதனோடு ஒட்டி வையுங்கள். பின்னால் விற்கும்போது வாங்கிய விலையாக வரிக்கணக்கில் நிற்பது அந்த முகமதிப்புதான். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், இலாபத்தின் மீது சேகரிப்புப் பொருட்களுக்கான 28 சதவீத உச்ச வரிவிகிதம் பொருந்தும். ஊருக்குத் திரும்பும்போது செம்புச் சென்ட்டுகளை மூட்டையாகக் கட்டிச் செல்லலாம் என்று சேர்த்து வைக்க வேண்டாம். ஒரு சென்ட், ஐந்து சென்ட் காசுகளை உருக்குவதற்கும் பெருமளவில் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கும் அங்கே தடை இருக்கிறது.