டைனோசர் கழுத்தில் விழும் கயிறு: ‘தி வேலி ஆஃப் குவாங்கி’யைப் பார்ப்பது எப்படி

1969-இல் வந்த இந்தப் படத்தில் கௌபாய்களும் டைனோசர்களும் மோதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தால் முதலில் பொறுமை வேண்டும். குவாங்கி என்ற அல்லோசரஸ் வகை டைனோசர், படம் பாதியை நெருங்கும்போதுதான் முகம் காட்டும். அதுவரை இதை குதிரை வித்தைக் கூட்டத்தின் கதையாகவே பாருங்கள். கதை நடப்பது மெக்சிகோவில், படம் பிடித்தது ஸ்பெயினில்.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். பெரிய திரை, இருட்டறை, ஜெரோம் மோராஸின் இசை காதில் விழும் அளவுக்குச் சத்தம், இவ்வளவு போதும். அல்லோசரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அது சண்டை போடும் ஸ்டைரக்கோசரஸ் சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டும் சந்தித்திருக்கவே முடியாது என்ற கணக்கை அன்றைக்கு மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

அப்புறம் இரண்டாவது தடவை. இப்போது நேராக கௌபாய்கள் குவாங்கிக்குச் சுருக்குப் போடும் காட்சிக்குப் போங்கள். எனக்கு இந்தப் படமே அந்தக் காட்சிதான். ‘கிங் காங்’குக்கு உயிர் கொடுத்த வில்லிஸ் ஓ'பிரையன் 1940-களில் திட்டமிட்டு, எடுக்க முடியாமலே 1962-இல் இறந்துபோன கதை இது. அவரிடம் தொழில் பழகிய ரே ஹாரிஹவுசன் அதைக் கையில் எடுத்து முடித்தார். சுருக்குப் போடும் காட்சிக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது.

வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். ஒரு குதிரைக்காரரின் கையில் தொடங்கி, அவர் பிடித்திருக்கும் கயிற்றின் மேலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு குவாங்கியின் கழுத்துவரை போங்கள். நடுவில் எங்கோ நிஜக் கயிறு முடிந்து மெல்லிய கம்பி தொடங்குகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. படப்பிடிப்பில் எதிரே டைனோசர் கிடையாது, ஒரு ஜீப்பும் அதில் நட்ட உயரமான கம்பமும்தான். அதன்மேல்தான் கயிறு வீசினார்கள், ஜீப் இழுக்க இழுக்கக் கயிறு விறைத்தது. குதிரைகளின் கால்களைப் பாருங்கள், மண்ணில் ஊன்றி நிற்பது நடிப்பில்லை. பிறகு அப்படிப் பிடித்த காட்சியை ஒவ்வொரு பிரேமாகச் சிறு திரையில் பின்னாலிருந்து ஒளிபாய்ச்சிக் காட்டி, முன்னால் குவாங்கி பொம்மையைத் துளித்துளியாக நகர்த்திப் பிடித்தார் ஹாரிஹவுசன். ஒரு நொடிக்கு 24 பிரேம்! ஜீப் நின்ற இடத்தைப் பொம்மையின் உடம்பு மறைத்துக்கொள்ளும்.

கயிறு முடிந்ததும் அதே காட்சியை வாலுக்காக மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். தலை ஒரு பக்கம் இழுபடும்போதும் வால் சும்மா இருக்காது. காட்சிக்குக் காட்சி தோலின் நிறம் கொஞ்சம் மாறுவது கண்ணில் படும், விட்டுவிடுங்கள்.

குவாங்கி யானையோடு போடும் சண்டையையும் இதே மாதிரி மெதுவாகப் பார்க்கலாம், அங்கே யானையும் பொம்மைதான். ஆனால் கடைசியில் வரும் தேவாலயக் காட்சியை மட்டும் எத்தனையாவது தடவையானாலும் நிறுத்தாதீர்கள், வேகத்தையும் குறைக்காதீர்கள். அங்கே குவாங்கியின் குரலை முழுசாகக் கேட்க வேண்டும்.