பினியன் சீல் மாற்றியும் ஆயில் ஒழுகினால்

பழைய ஜீப்பின் பின் ஆக்சிலில் புது பினியன் சீல் (சுழலும் ஷாஃப்ட் ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போட்டும் ஒரே மாதத்தில் ஒழுகியது. குற்றம் சீலில் இல்லை. ஆக்சில் ஹவுசிங் (வெளிக்கூடு) மேலிருக்கும் பிரீதர், அதாவது காற்று போகும் சிறு துளை, சேற்றில் அடைத்திருந்தது. ஓட்டத்தில் சூடேறிய காற்றுக்கு வேறு வழியில்லை, ஆயிலைச் சீல் வழியே தள்ளிவிடும். கம்பி விட்டு, டீசலில் கழுவி, ரப்பர் குழாய் மாட்டி சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றினேன்.

பிறகுதான் சீல். கழற்றுமுன் பினியன் நட்டிலும் ஷாஃப்டிலும் பஞ்ச் குறி வையுங்கள். அதே குறிக்குத் திரும்பாவிட்டால் பேரிங் இறுக்கம் மாறி ஊளையிடும். ஃபிளாஞ்சில் (அந்த நட்டு பிடித்திருக்கும், சீலுக்குள் சுழலும் பாகம்) பழைய சீல் உரசிய தடம் நகத்தில் தட்டுப்பட்டால், புதுச் சீலை 2 மி.மீ. வெளியே தள்ளி உட்கார வைக்கலாம். சீலின் உதட்டில் (உரசும் உள் விளிம்பு) கிரீஸ் கட்டாயம். வடித்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள். 90 நம்பர் கியர் ஆயில், நிரப்பும் துளையின் விளிம்பு வரை.