கல் கடலில் விழுவதற்குள் விடை எழுதிவிடுகிறார்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலோ கீழக்கரையிலோ ப்ளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாளைத் திருத்தினால் அலகு விடுபடுவதும் கூட்டல் சறுக்குவதும் கண்ணில் படும். அவை பழகப் பழகப் போய்விடும். போகாதவை வேறு. கீழே தலைப்பாக இருப்பவை அந்தத் தவறுகள்தான்.

நெடுக்கச் சூத்திரத்தைக் கண்ட இடத்தில் போடுவது

எறிந்த பொருள் கிடைமட்டமாகக் கடக்கும் தூரம்தான் நெடுக்கம். திசைவேகத்தின் இருமடியை இருமடங்கு கோணத்தின் சைனால் பெருக்கி ஈர்ப்பு முடுக்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், எறிந்த மட்டத்திலேயே பொருள் வந்து விழுந்தால்தான் செல்லும். இந்த நிபந்தனையை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. சூத்திரத்தை மட்டும் செய்கிறார்கள்.

பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து ஒரு கல். கடலுக்கு மேல் 15 மீட்டர், 20 மீ/வி, மேல்நோக்கி 30° என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². சூத்திரம் 34.6 மீட்டர் என்கிறது. கல் மறுபடி பாலத்தின் உயரத்துக்கு இறங்கும் இடம் அது. அங்கே தண்ணீர் ஏது?

செங்குத்துக் கணக்கைத் தனியாகப் போடுங்கள். மேல்நோக்கி நேர்க்குறி. எறிவேகத்தின் செங்குத்துக் கூறு 10 மீ/வி. நேரம் 'நே' என்றால்:

−15 = 10நே − 5நே²

தீர்வுகள் 3, −1. எதிர்க்குறியை விடுங்கள், 3 வினாடி. கிடைத்தளக் கூறு 17.32 மீ/வி, ஆக 52 மீட்டர். பிழை 17 மீட்டருக்கு மேல்! 45°-இல் எறிந்தால்தான் நெடுக்கம் மிக அதிகம் என்பதும் இங்கே பொய்த்துப்போகும்: அந்தக் கோணத்தில் 51.6 மீட்டர்தான், 30°-ஐவிடக் குறைவு. (தனுஷ்கோடிக் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை, பாடநூலும் சேர்ப்பதில்லை.)

மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழும் குண்டுக்கும் இதே சூத்திரத்தைப் போடுவோர் உண்டு. கோணம் சுழி, சைன் சுழி, நெடுக்கமும் சுழி. குண்டு மேசைக் காலடியிலேயே விழுந்ததாக எழுதிவிட்டு அடிக்கோடும் போடுகிறார்கள்.

உச்சியில் திசைவேகம் சுழி

சுழியாவது செங்குத்துக் கூறு மட்டும். கிடைத்தளக் கூறு அப்படியே இருக்கும்.

மோதலில் எதிர்த்திசையை மறப்பது

2 கிலோ குண்டு 3 மீ/வி வேகத்தில் வலப்புறம் போகிறது. எதிரே 1 கிலோ குண்டு அதே வேகத்தில் வருகிறது. மோதல் மீட்சி மோதல், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாதது. இரண்டுக்கும் +3 போட்டால் மோதலுக்குப் பிறகும் இரண்டும் 3 என்றே வரும். ஒரே வேகத்தில் ஒரே திசையில் போகிறவை மோதவே மோதாது. இரண்டாவதற்கு −3 போட்டால் மோதலுக்குப் பிறகு முதலாவது −1, இரண்டாவது +5.

இயக்க ஆற்றல் சமன்பாட்டை விரித்து இருபடியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே நேர்கோட்டு மீட்சி மோதலில், நெருங்கிய சார்பு வேகமும் விலகும் சார்பு வேகமும் சமம். 3 − (−3) = 6; 5 − (−1) = 6. இதையும் உந்தச் சமன்பாட்டையும் வைத்தால் இரண்டே வரி.

சம நிறை என்றாலே இரண்டின் வேகமும் இடம் மாறும்

நேருக்கு நேர் மீட்சி மோதலில் மட்டும். கேரம் காயைச் சாய்வாக அடித்தால் மாறாது.