அச்சகம் போகாமல் ஒரு புத்தகம்: மின்னூலை நீங்களே வெளியிடும் முறை

அச்சுப் புத்தகத்தில் பணம் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். காகிதம், அச்சு, கட்டு, படிகளை அடுக்கி வைக்க இடம், கடைக்காரருக்கான கழிவு, அஞ்சல் செலவு. குறைவான படிகள் அச்சிட்டால் ஒரு படியின் அடக்க விலை ஏறிவிடும். நிறைய அச்சிட்டால் விற்காத படிகள் வீட்டில் தேங்கும். மின்னூலில், விற்கும் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கைத் தவிர, இந்தச் செலவுகள் பெரும்பாலும் கிடையாது. ஒரே கோப்பை எத்தனை பேர் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை எடிட்டருக்கோ மெய்ப்புப் பார்ப்பவருக்கோ கொடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பதிப்பகம் இல்லை என்றால் உங்கள் பிரதியை இரண்டாவதாக ஒரு கண் பார்க்காது. அந்தக் கண்ணை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: எழுத்துருவைச் சரிபார்க்கவும்

பிரதி யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுவான எழுத்துக் குறிமுறையில், இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது உங்கள் கணினியில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். வாசகரின் கருவியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். இதை மாற்ற இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உண்டு.

மாற்றியபின் முழுப் பிரதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' வந்திருக்கும். 'கௌ' என்ற ஓரெழுத்து 'கெ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் வாசகர் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கணினி உரக்கப் படித்தால் உச்சரிப்பும் தப்பும்.

படி 2: ஸ்டைல் கொடுக்கவும்

ஸ்டைல் என்பது இது தலைப்பு, இது பத்தி என்று கணினிக்குச் சொல்லும் வடிவ அமைப்பு. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மின்னூலுக்கு நிலையான பக்கம் கிடையாது. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மாறும், பக்கங்களின் எண்ணிக்கையும் மாறும். அதனால் 'இந்தப் பக்கத்தில் இது இங்கே நிற்க வேண்டும்' என்ற அச்சுக்கால எண்ணத்தை விட்டுவிடுங்கள். பக்க எண், பக்கத் தலைப்பு எல்லாவற்றையும் நீக்குங்கள். 'பக்கம் 42 பார்க்க' என்று எழுதியிருந்தால், அந்த அத்தியாயத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ வேர்டிலோ அத்தியாயத் தலைப்பைத் தேர்ந்து, 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைக் கொடுங்கள். வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதுபடுத்தினால் கண்ணுக்குத் தலைப்பு மாதிரி இருக்கும், கணினிக்கு அது இன்னொரு பத்திதான். மின்னூலின் உள்ளடக்கப் பட்டியல் இந்த ஹெடிங்குகளிலிருந்துதான் உருவாகிறது. உட்தலைப்புகளுக்கு 'ஹெடிங் 2'.

அடுத்த அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள்; 'பேஜ் பிரேக்' போடுங்கள். பத்தியின் முதல் வரியை உள்தள்ள டேபோ இடைவெளியோ வேண்டாம், அதையும் ஸ்டைலிலேயே அமைக்கலாம். கவிதை என்றால் அடிக்கு அடி ஷிஃப்டுடன் என்டர் அழுத்துங்கள், கண்ணி முடியும்போது மட்டும் தனி என்டர். அப்போதுதான் அடிகளுக்கு நடுவே தேவையற்ற இடைவெளி விழாது.

வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே தமிழுக்கு நல்லது. நம் சொற்கள் நீளமானவை. இருபக்கமும் சமமாக இழுத்தால், சிறிய போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும்.

படி 3: இபப் கோப்பாக மாற்றவும்

இபப் (EPUB) என்பது மின்னூலுக்கென்றே உள்ள கோப்பு வகை. பிடிஎஃப் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பிடிஎஃப் அச்சுப் பக்கத்தின் நகல். போனில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். இபப் அப்படியல்ல, திரைக்கு ஏற்றபடி உரை ஓடி அமையும். உள்ளே இருப்பது வலைப்பக்கங்களைப் போன்ற கோப்புகள், அவற்றை ஒரு ஜிப் பொதியாகக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லிப்ரே ஆபீஸில் ஃபைல் மெனுவுக்குப் போய், 'எக்ஸ்போர்ட் ஆஸ்' என்பதில் இபப்பைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் டாக்ஸிலும் இபப்பாக இறக்கும் வசதி உண்டு. எனக்குப் பிடித்தது காலிபர் என்ற இலவச மென்பொருள். வேர்டு கோப்பை அதில் சேர்த்து, 'கன்வர்ட் புக்ஸ்' அழுத்தி, வெளியீட்டு வகையாக இபப் என்று கொடுத்தால் போதும். நூல் பெயர், ஆசிரியர் பெயர், மொழி, அட்டைப்படம் எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பலாம். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று கொடுக்க மறக்காதீர்கள்.

படி 4: பல திரைகளில் பார்க்கவும்

ஒரு போன், ஒரு கணினி, முடிந்தால் ஒரு கிண்டில் (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி). எழுத்தை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள், இரவு நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் ஒவ்வொரு தலைப்பையும் தட்டிப் பாருங்கள். கிண்டிலே இல்லையென்றாலும் கவலையில்லை, கிண்டில் பிரிவியூவர் என்ற இலவச மென்பொருள் கணினியிலேயே காட்டிவிடும். கோப்பின் உள்கட்டமைப்பில் பிழை இருந்தால் இபப்செக் என்ற கருவி எடுத்துச் சொல்லும்.

படி 5: அட்டை

கிண்டில் தளம் பரிந்துரைக்கும் அளவு 1600 பிக்சல் அகலம், 2560 பிக்சல் உயரம். கடையில் உங்கள் அட்டை கட்டைவிரல் நகமளவுதான் தெரியும். அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். படமும் எழுத்துருவும் உரிமம் உள்ளவையாக இருக்கட்டும். இணையத்தில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடக் கூடாது. நோட்டோ வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

படி 6: எங்கே, என்ன விலைக்கு?

அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் (சுருக்கமாகக் கேடிபி), கூகுள் பிளே புக்ஸ் போன்றவற்றில் நூலை ஏற்றக் கட்டணம் இல்லை. விற்றால் அதில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். கிண்டிலின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அங்கே ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண் கட்டாயமில்லை, அமேசான் தன் சொந்த எண் ஒன்றைக் கொடுத்துவிடும்.

ராயல்டியை, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கை, அவசரமில்லாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிண்டிலில் 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு உண்டு. அமெரிக்கக் கடையில் 70 வேண்டுமானால் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த 70 சதவீதத் தேர்வில் மட்டும், கோப்பின் அளவுக்கேற்ப, ஒரு எம்பிக்கு 15 சென்ட் அனுப்புச் செலவை முதலில் கழிப்பார்கள். 2.99 டாலர் நூல் 2 எம்பி என்றால் கைக்கு வருவது சுமார் 1.88 டாலர். அதே நூல் 10 எம்பி ஆனால் 1.04 டாலர்தான். 35 சதவீதத்திலேயே 1.05 கிடைத்திருக்கும்! அதனால் படங்களைச் சுருக்கிப் போடுங்கள்.

இந்தியா, பிரேசில், ஜப்பான், மெக்சிகோ வாசகர்கள் வாங்கும் படிகளுக்கு 70 சதவீதம் கிடைக்க, கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பூவில்கூட முழு நூலும் இருக்கக் கூடாது, மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைக்கலாம். காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். வலைப்பூவில் எழுதியதைத் தொகுத்து நூலாக்குபவர்கள் இதைப் படிக்காமல் டிக் அடித்துவிடாதீர்கள்.

பணமே நோக்கமில்லை, நாலு பேர் படித்தால் போதும் என்றால் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் அப்படிப்பட்ட நூல்களைத் திரட்டி வழங்குகிறது. முதல் நூலுக்கு இது அருமையான வழி என்பது என் கருத்து. ஆனால் ஒருமுறை கொடுத்த அந்த உரிமத்தை, பெற்றவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

படி 7: வெளியான பிறகு

பிழையைக் கண்டுபிடித்து வாசகர் எழுதுவார். நன்றி சொல்லி, மூலக் கோப்பில் திருத்தி, மறுபடி இபப்பாக்கி ஏற்றுங்கள். இதைப் புதிய நூலாக ஏற்றாமல், இருக்கிற நூலின் பதிவிலேயே கோப்பை மாற்றுங்கள். அப்போதுதான் வந்த மதிப்புரைகள் அதனோடேயே இருக்கும். அப்புறம், உரிமைப் பக்கத்தில் பதிப்புத் தேதியையும் மாற்றிவிடுங்கள். எந்தப் பிரதியை வைத்துப் பிழை சொல்கிறார் என்று அடுத்த முறை சட்டென்று தெரியும்.