கிணற்றில் டீசல் வாடையா? ஆய்வுகூடத்துக்கு வரும் முன்

முதலில் ஒரு குச்சியால் தண்ணீர் மேல் மினுங்கும் படலத்தைக் கீறிப் பாருங்கள். கண்ணாடித் தகடு போல் துண்டு துண்டாக உடைந்து விலகி நின்றால் பெரும்பாலும் இரும்புப் பக்டீரியா. கீறிய இடம் உடனே கூடி மூடிக்கொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். கொழும்பை ஒட்டி எரிபொருள் தாங்கிகள் இருக்கும் கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் இரண்டுக்கும் இடமுண்டு.

அடுத்தது, எந்தச் சோதனை வேண்டும் என்பது. ‘எண்ணெய், கிரீஸ்’ என்று கேட்டால் சாப்பாட்டுக்கடைக் கானிலிருந்து ஊறிய தேங்காயெண்ணெயும் கணக்கில் சேரும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 (2013) லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பு வைத்திருப்பது இதற்குத்தான். கராஜ், ஜெனரேட்டர், எரிபொருள் தாங்கி மேல் சந்தேகம் என்றால் ஐ.எஸ்.ஓ. 9377-2 முறையிலான ஹைட்ரோகாபன் சுட்டெண்ணை, அதாவது கனிம எண்ணெயின் மொத்த அளவைக் கேளுங்கள். அதில் சமையல் கொழுப்பை புளோரிசில் தூள் பிடித்துக்கொள்ளும். மூலக்கூறில் 10 முதல் 40 காபன் அணுக்கள் வரையுள்ள கனிம எண்ணெய்தான் மிஞ்சும். கூடத்துக்கு இலங்கைத் தராதர அங்கீகாரச் சபையின் சான்றிதழ் இருப்பது மட்டும் போதாது. இந்தச் சோதனை அதில் அடங்குகிறதா என்றும் பாருங்கள்.

சரி, போத்தல். மாதிரி வாங்கும் மேசையில் நான் அதிகம் கேட்கும் வசனம், “மிஸ், அதே தண்ணீரால நல்லா அலசித்தான் கொண்டுவந்தேன்.” அலசவே கூடாது! எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். அலசிய தண்ணீரிலிருந்ததும் அங்கே சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் நாங்களும் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றுவதில்லை. போத்தலை எடை பார்த்து, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் திரவத்தை அதற்குள்ளேயே விட்டுக் கலக்கி, வெறும் போத்தலைப் பிறகு எடை பார்த்துத் தண்ணீரின் கனவளவைக் கணக்கிடுகிறோம். ஆகவே கூடம் தரும் ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் கழுத்துக்குக் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். பிளாஸ்டிக் வாளியில் மொண்டு ஊற்றினால் எண்ணெயில் ஒரு பங்கு வாளியில் தங்கிவிடும். அடியில் அமிலம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கிருமிகள் எண்ணெயைத் தின்னாமலிருக்க விட்டது. அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

பெற்றோல் என்றால் கதை நேர்மாறு. அது ஆவியாகி ஓடிவிடும், இந்தச் சுட்டெண்ணிலும் அநேகமாகத் தெரியாது. தனிச் சிறு குப்பியில் காற்றுக் குமிழியே இல்லாமல் தளும்ப நிரப்பி, பென்சீன் வகைச் சோதனை கேளுங்கள்.

மண்ணை அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடியில் எடுங்கள், ஷொப்பிங் பேக்கில் வேண்டாம். கறுத்த மேல்மண்ணை மட்டும் சுரண்டி வராமல் கீழேயும் தோண்டி ஆழத்தைக் குறித்துவையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் எவ்வளவு என்று நாங்கள் தனியாக அளந்து, உலர்மண் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போடுவோம். எண்ணெய் படாத அயல் மண்ணிலும் ஒரு சாடி கட்டாயம். இலைமெழுகும் ஹைட்ரோகாபன்தான், சதுப்பு மண்ணில் அதுவே ஒரு பெறுமானம் காட்டும்.

அறிக்கை எடுக்கும்போது எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் குரோமடோகிராம் படத்தையும் கேட்டு வாங்குங்கள். டீசல் முன்பக்கம் மேடாக எழும், என்ஜின் ஒயில் பின்பக்கம். இலைமெழுகு என்றால் 27, 29, 31 என ஒற்றைப்படைக் காபன்களில் கூர்முனைகள் நிற்கும். பக்கத்துக் கராஜோடு வழக்குக்குப் போகிறவருக்கு மொத்த அளவைவிட இந்தப் படம்தான் உதவும்.